கூட்டத்தைக் கலைக்க ராணுவ அதிகாரிக்கு எவ்வளவு அதிகாரம்?

சட்ட விழிப்புணர்வு வகுப்பெடுக்க நான் போகும் கல்லூரிகளில் எல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "சார், மிலிட்டரி இறங்கிட்டா அவங்க வெச்சதுதானே சட்டம்?"

இல்லை. ஊரடங்கு போட்டிருந்தாலும் இல்லை.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள்தான் இதற்கு விடை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 129 முதல் 132 வரை. கலைந்து போகச் சொல்வதும், போகாவிட்டால் பலம் பயன்படுத்துவதும் முதலில் போலீஸ் வேலை. அதற்கும் கூட்டம் கலையவில்லை, பொதுப் பாதுகாப்புக்குக் கலைத்தே ஆக வேண்டும் என்றால்தான் படை. அப்போதும் படை தானாக வராது. மாவட்ட ஆட்சியரோ, அவர் அதிகாரம் கொடுத்து அந்த இடத்தில் நிற்கும் செயல்துறை நடுவரோ அழைக்க வேண்டும். நம் ஊரில் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), தாசில்தார் எல்லாம் செயல்துறை நடுவர்களே.

கலைக்க வேண்டுமா என்பது நடுவரின் முடிவு. எப்படி என்பது படையை நடத்தும் அதிகாரியின் முடிவு. ஆனால் கலைக்கத் தேவையானதற்கு மேல் துளி பலமும் கூடாது, காயமும் சேதமும் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் அவர் கையைக் கட்டுகிறது.

இந்த வரியைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஜாலியன்வாலா பாக்தான் நினைவுக்கு வரும். 1919 ஏப்ரல் 13. படையை நடத்திய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜெனரல் டயர் எச்சரிக்கவே இல்லை. 1,650 ரவுண்டு. ஜனங்கள் சுவரேறித் தப்பப் பார்த்தபோதும் சுட்டார்கள். அரசுக் கணக்கிலேயே 379 உயிர். ஓடுகிறவன் கலைந்துவிட்டவன்; அவன் முதுகில் சுடுவதற்குப் பெயர் கூட்டத்தைக் கலைப்பதல்ல.

ஒரே ஒரு விதிவிலக்கு 150-ஆவது பிரிவு. பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து கண்கூடாகத் தெரிகிறது, எந்த நடுவரையும் தொடர்புகொள்ள முடியவில்லை என்றால், கமிஷன் பெற்ற அல்லது கெசட்டட் அதிகாரி தானே முடிவெடுக்கலாம். கமிஷன் பெறாத ஹவில்தார் முடியாது. நடுவரோடு தொடர்பு கிடைத்ததும், தொடர்வதா நிறுத்துவதா என்பதில் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். எல்லார் கையிலும் செல்போன் இருக்கும் காலத்தில் 'தொடர்பு கிடைக்கவில்லை' என்ற பதிலைக் கோர்ட்டு லேசில் ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. பதற்றப் பகுதிகளுக்கான 1958-ஆம் ஆண்டு ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் வேறு; அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டுமே அது செல்லும்.

சரி, வரம்பு மீறினால்? இந்தப் பிரிவுகளின்படி செய்த செயலுக்காகப் படையினர் மீது வழக்குத் தொடர மத்திய அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கேட்கவே ஆதாரம் வேண்டும். போலீஸ் தடியடியில் கை முறிந்த ஒருவர் என்னிடம் நான்கு மாதம் கழித்து வந்தார். மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) இல்லை. எந்தத் தெருமுனை, எத்தனை மணி, கலையச் சொன்னது யார், எதற்கும் அவரிடம் பதில் இல்லை. கலையச் சொன்னால் உடனே கலைந்துவிடுங்கள். அடிபட்டால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படி அடிபட்டது என்பதை உள்ளபடி சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.