சொறி என்றால் என்ன குறைச்சல்?

"ஒட்டுண்ணித் தோலழற்சி." வரையாடுகளைப் பற்றிய ஒரு துண்டுப் பிரசுரத்தில் போன வாரம் மறுபடியும் கண்ணில் பட்டது. இதோடு நாலாவது தடவை. ஆங்கில மூலத்தில் 'மேஞ்ச்' என்று இருந்திருக்கும்; அதற்குத்தான் இத்தனை பாடு.

மேஞ்ச், தின்பதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்வழி வந்தது. கறையானும் அரிக்கும், தோலும் அரிக்கும் என்கிறோமே, அதே கணக்கு. நோய்க்குத் தமிழில் சொறி என்று பெயர். சொறிநாய் என்றால் விளக்கம் கேட்பார் உண்டா?

அம்பாசமுத்திரம் பக்கம் கிடை ஆடு வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்குப் பிரசுரத்தை வாசித்துக் காட்டினேன். 'ஒட்டுண்ணி' காதில் விழுந்ததுமே பக்கத்தில் நின்ற வெள்ளாட்டின் காது மடலைப் புரட்டித் தடவ ஆரம்பித்துவிட்டார். "உண்ணி ஒண்ணையும் காணலியே வே!"

எப்படிக் காணும்? உண்ணி ரத்தம் குடித்து ஆமணக்கு முத்து மாதிரி உப்பும். கையால் பிடுங்கிப் போடலாம். சொறிப்பூச்சி (பேச்சுக்குத்தான் பூச்சி, எட்டுக்கால், சிலந்திக்குச் சொந்தம்) சுமார் அரை மில்லிமீட்டர்தான். தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். முடி கொட்டும், தோல் தடிக்கும், பொருக்குத் தட்டி வெடிக்கும். ஒட்டுண்ணி என்றால் பேன், தெள்ளு, குடற்புழு எல்லாமே அடக்கம். இவர்கள் எதைச் சொல்கிறார்கள்? அழற்சியோ தோல் சிவந்து வீங்குவது. எத்தனையோ நோய்க்கு அது உண்டு. 'சிரங்கு' என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பாதிச் சண்டைதான். சிரங்கு புண், சீழ் வைக்கும். சொறிந்து சொறிந்து சிரங்காகலாம், அது அடுத்த கட்டம்.

சொறி கொச்சையாம். மொழிபெயர்த்த தம்பி சொல்கிறார். மனிதருக்கு வரும் ஸ்கேபீஸுக்கும் இதே இனப் பூச்சிதான் காரணம். அந்தப் பெயரும் சொறிவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். லத்தீனில் சொறிந்தால் நாகரிகம், தமிழில் சொறிந்தால் கொச்சை! 1987-இல் ஸ்பெயினின் கசோர்லா மலையில் ஐபெக்ஸ் என்ற காட்டாடுகளுக்குள் சொறி புகுந்து, பத்தில் ஒன்பதுக்கு மேல் காவு வாங்கியது. அப்படி ஒன்று நம் மலைக்கும் வந்தால், முதலில் பார்க்கப்போவது ஆடு மேய்ப்பவரும் மலையில் வாழும் காணிக்காரப் பழங்குடியினரும். அவர்கள் வாயில் இருக்கும் சொல்லில் எழுதினால் என்ன?

இத்தனைக்கும், சொறியே ஆகாது என்று ஒதுங்கிய பிரசுரத்தின் கடைசி வரி: "மழை சொறியும் அகத்தியமலை." 'சொரியும்' என்று வர வேண்டியது. காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார்தான் காப்பாற்ற வேண்டும்.