அடல் டிங்கரிங் ஆய்வகம்: 20 லட்சம் ரூபாய் யாருக்கு, எதற்கு?

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஒரு கருவியைத் தாங்களே செய்து பார்ப்பதற்காகப் பள்ளிக்குள் அமைக்கப்படும் அறைதான் அடல் டிங்கரிங் ஆய்வகம். மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் கீழ் 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம் இதற்குப் பணம் தருகிறது. இதுவரை நாடு முழுக்க சுமார் 10,000 பள்ளிகளில் இந்த ஆய்வகம் வந்துவிட்டது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என மூன்று வகையும் அதில் உண்டு.

தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் கிடைக்கும். ஆய்வகத்தை அமைக்க ஒரே முறையாக 10 லட்சம். அதை நடத்துவதற்கு, அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குச் சேர்த்து, இன்னொரு 10 லட்சம்.

திறப்பு விழா அன்று கண்ணில் படுவது முதல் 10 லட்சம். ஆனால் பிள்ளைகள் உண்மையில் கற்றுக்கொள்வது இரண்டாவது 10 லட்சத்தால்தான் என்பது என் கருத்து. தொட்டுப் பழகும் இடத்தில் சென்சார் கருகும், ஒயர் அறுந்துபோகும், கணினியில் வரைந்த வடிவத்தை அப்படியே பொருளாகச் செய்து தரும் த்ரீடி பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழை தீர்ந்துவிடும். அதுதான் இயல்பு. பழுது பார்ப்பது, தீர்ந்த பொருளை மறுபடி வாங்குவது, அறிவியல் உரைகளுக்கு ஏற்பாடு செய்வது போன்றவற்றுக்கு நடத்தும் செலவு மானியத்தைப் பயன்படுத்தலாம். அதனால், 'கெட்டுப்போய்விடும், தொடாதே' என்று சொல்லிப் பூட்டி வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

பணம் மொத்தமாக வராது, தவணையாகத்தான் வரும். வந்த தொகையை எப்படிச் செலவிட்டோம் என்று பள்ளி பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த தவணை கிடைக்கும். கணக்கு அனுப்புவது தாமதமானால், கருவிகள் அலமாரியில் இருந்தும் வேலை நின்றுபோகும். தலைமையாசிரியரும் பொறுப்பாசிரியரும் மாறுதலில் போகும்போது கோப்புகளை முறையாக ஒப்படைத்துவிட்டுப் போவது இதனால்தான் அவ்வளவு முக்கியம்.

இடம் பள்ளியின் பொறுப்பு. குறைந்தது 1,500 சதுர அடி கட்டடப் பரப்பு வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. மலைப்பகுதி, தீவு போன்ற இடங்களுக்கு 1,000 சதுர அடி போதும்.

கருவிகளை நான்கு தொகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: மின்னணுப் பாகங்கள், ரோபோ, சென்சார் வகைகள் ஒன்று, த்ரீடி பிரிண்டர் சார்ந்தவை ஒன்று, அளவைக் கருவிகளும் இயந்திர, மின் வேலைக்கான சாமான்களும் ஒன்று, மின் இணைப்பு, பாதுகாப்புச் சாதனங்கள் ஒன்று.

சரி, பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பள்ளியின் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவதை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம் காட்டும் சென்சாரை ஒருவர் இணைக்கிறார். மோட்டார் தானாக நிற்பதற்கான நிரலை இன்னொருவர் எழுதுகிறார். மழை படாமல் அதை மூட ஒரு பெட்டியை மூன்றாமவர் கணினியில் வரைந்து பிரிண்டரில் எடுக்கிறார். பெட்டியின் அளவு தப்பினால் ஒயர் உள்ளே போகாது. அப்புறம் மூவரும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். ஒருவர் வேலை இன்னொருவர் வேலையைத் தொட்டு நிற்கும் இந்த அனுபவம் பாடப்புத்தகத்தில் கிடைப்பது அரிது.

இதற்குப் பொதுத்தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அதனாலேயே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை இந்தப் பக்கமே விடாத பள்ளிகள் இருக்கின்றன. கால அட்டவணையில் ஆய்வகத்துக்கென்று பாடவேளை ஒதுக்கியிருக்கிறார்களா என்று பெற்றோர் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் அதற்குச் சரியான இடம்.

ஆசிரியருக்கே இதெல்லாம் புதிது என்றால் உதவிக்கு ஆள் உண்டு. தொழில்துறையிலும் கல்லூரிகளிலும் இருப்பவர்கள் தன்னார்வ வழிகாட்டிகளாகப் பதிவு செய்துகொண்டு, வாரம் ஓரிரு மணி நேரம் பிள்ளைகளோடு வேலை செய்யலாம். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. உங்கள் ஊரிலேயே பொறியாளர் யாராவது இருந்தால் சொல்லிப் பாருங்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் ஊர்க்காரர்களையும் ஆய்வகத்துக்கு அழைப்பதும் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்றுதான். ஆகவே உங்கள் பள்ளியில் இல்லாவிட்டாலும், அருகில் இருக்கும் பள்ளியைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

2025-26 மத்திய பட்ஜெட்டில், அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று அறிவித்தார்கள். அதே பட்ஜெட்டில் கிராமப்புற அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் அனைத்துக்கும், கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட் வழியாக அகன்ற அலைவரிசை இணைய இணைப்பு என்ற அறிவிப்பும் வந்தது. தனிநபர் ஆய்வகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. 1,500 சதுர அடி இடமும், மின் இணைப்பும், ஆர்வமுள்ள ஓர் அறிவியல் அல்லது கணித ஆசிரியரும் உங்கள் அரசுப் பள்ளியில் இருக்கிறார்களா என்று இப்போதே பார்த்துவைத்துத் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானமாக எழுதிக் கொடுத்தால் அவருக்கும் மேலே பேச வசதியாக இருக்கும்.