வழிகாட்டி பதில் சொல்லாவிட்டால் என்னிடம் புகார் செய்யாதீர்கள்

மெல்பனில் பயண ஏற்பாட்டுத் தொழில் செய்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்கள்தான் என்னிடம் அதிகம். போய் வந்ததும் எப்படி இருந்தது என்று போன் செய்து கேட்பது வழக்கம். பென்குவின் வருவதற்குள் குளிரில் விறைத்துவிட்டோம், ஹோட்டலில் தயிர் கிடைக்கவில்லை, இப்படித்தான் பதில் வரும். நாட்டின் நடுவில் நிற்கும் உலுரு என்ற பெரும்பாறைக்குப் போய் வந்தவர்கள் மட்டும் அடிக்கடி வேறொன்று சொல்வார்கள். "அந்த கைடுக்கு ஒன்றும் தெரியவில்லை சார். இந்தக் குகையில் என்ன செய்வார்கள் என்று கேட்டால், அதைச் சொல்ல முடியாது என்கிறார். இதற்கா இவ்வளவு பணம்?"

அவருக்குத் தெரியும். அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லாமலிருக்கலாம், கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லாமலிருக்கலாம்.

உலுருவுக்குச் சொந்தக்காரர்கள் அனங்கு என்ற பூர்வகுடி மக்கள். 1985 அக்டோபர் 26 அன்று அரசு நிலத்தை அவர்கள் பெயருக்குத் திருப்பிக் கொடுத்தது, அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாக 99 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். தயவுசெய்து மேலே ஏறாதீர்கள் என்று வருடக்கணக்காகப் பலகை வைத்துக் கேட்டுக்கொண்டார்கள், கூட்டம் அந்தப் பலகையைத் தாண்டிப் போய்ச் சங்கிலியைப் பிடித்து ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2019 அக்டோபர் 26-ல்தான் அது அடியோடு நின்றது. ஆமாம், அதே தேதிதான்.

அனங்குகளின் ஜுகுர்ப்பா என்பது சமயம், சட்டம், நிலம் உண்டான கதை, உறவுமுறை எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடப்பது. அதில் ஆண்கள் மட்டும் அறிய வேண்டியவை உண்டு, பெண்கள் மட்டும் அறிய வேண்டியவை உண்டு, வயதும் தகுதியும் வந்தபின் சொல்லித் தருபவையும் உண்டு. வெளியாட்களுக்கென்று திறந்துவைத்த கதைகளும் இருக்கின்றன. முட்டிஜுலு நீர்ச்சுனைப் பக்கம் போனால், குனியா என்ற மலைப்பாம்புப் பெண் தன் மருமகனைத் தாக்கிய லிரு என்ற விஷப்பாம்பு வீரனை எதிர்த்து நின்ற கதையைப் பாறையில் இருக்கும் தடங்களைக் காட்டியே சொல்வார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தாலே போதும். பாறையைச் சுற்றி வரும் பத்து கிலோமீட்டர் நடையில் சில இடங்களில் படம் எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். அந்தப் பாறை முகம் அவர்களுக்கு வேதம் மாதிரி, இருக்கும் இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் கல் எடுத்து வரும் பழக்கம். எடுத்துப் போன கல்லை மன்னிப்புக் கடிதத்தோடு பூங்காவுக்கே தபாலில் அனுப்பி வைத்தவர்கள் ஏராளம், அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவரைப் பார்த்துத்தான் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் 'பூர்வகுடிப் பண்பாட்டு மாலை' என்று ஒன்றுக்கு இரண்டு குடும்பங்களை அழைத்துப் போனேன். டிஜெரிடூ ஊதினார்கள், பூமராங் வீசினார்கள், குழந்தைகள் கன்னத்தில் புள்ளி வைத்தார்கள், பேசியவர் எந்தக் கேள்விக்கும் தயங்காமல் பதில் சொன்னார். எல்லோருக்கும் சந்தோஷம். திரும்பி வரும்போது ஒரு பெண் பிள்ளை கேட்டாள், "அங்கிள், அவங்க இந்த ஊரா?" எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கேட்டுப் பார்த்தேன், அங்கே அந்த நிலத்து ஆள் ஒருவர்கூட இல்லை. டிஜெரிடூ வடக்கே பிறந்த வாத்தியம். இன்று கடைகளில் பார்க்கும் புள்ளி ஓவியப் பாணி, நாட்டின் நடுவில் இருக்கும் பப்புன்யாவில் 1971 வாக்கில் பலகையில் தீட்ட ஆரம்பித்து வளர்ந்தது. வெள்ளைக்காரர்கள் வந்தபோது இந்தக் கண்டத்தில் 250-க்கும் மேல் மொழிகள் இருந்தன. அத்தனையையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டி எங்களுக்குப் பரிமாறியிருந்தார்கள். தப்பு என்னுடையதுதான், கேட்காமல் பணம் கட்டினேன்.

இப்போது முன்பதிவுக்கு முன் போனிலேயே கேட்டுவிடுகிறேன்: நடத்துவது யார், பேசப்போகிறவர் எந்த மக்கள், போகிற இடம் அவர்கள் நிலமா. உண்மையானவர்களிடமிருந்து இதற்குப் பட்டென்று பதில் வரும், கூடவே பாட்டி பெயரும் வரும். மழுப்பினால் வேறு இடம் பார்ப்பேன். ஓவியம் வாங்கும்போதும் இதே கதைதான், வரைந்தவர் பெயர், ஊர், அவருக்குப் போகும் பங்கு, மூன்றையும் கேளுங்கள். இந்தோனேசியாவில் செய்த பூமராங்கைப் பூர்வகுடிகள் கையால் செய்தது போலக் காட்டி விற்ற ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்கு 2019-ல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

நம் ஆட்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வெளுப்பாக இருக்கும் வழிகாட்டியைப் பார்த்து, "நீங்க முழு பூர்வகுடியா? பார்த்தா தெரியலையே" என்று கேட்டுவிடுகிறார்கள். பலமுறை என் காதாலேயே கேட்டுக் கூசிப்போயிருக்கிறேன். பூர்வகுடி, வெள்ளைக்காரர் கலப்பில் பிறந்த பிள்ளைகளைத் தேடிப்பிடித்துத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போவதைப் பல பத்தாண்டுகள் அரசே செய்தது. 2008 பிப்ரவரி 13-ல்தான் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். நீங்கள் கேள்வி கேட்கும் ஆளின் பாட்டியே அப்படிப் போனவராக இருக்கலாம். அதே போல, அவர்கள் ஊரில் ஒரு சாவு என்றால் வழிகாட்டி கூட்டிப்போகும் நடை ரத்தாகும், சில நேரம் அன்று காலையில்தான் சொல்வார்கள். பணம் திரும்பி வரும், சண்டை போட வேண்டாம். நம் வீட்டில் பிணம் கிடக்கும்போது கடை திறப்போமா என்ன? பழகுவதற்கும் ஒன்றும் கஷ்டமில்லை, ரத்த உறவு இல்லாவிட்டாலும் மூத்தவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் அவர்களும் அழைப்பார்கள்.

சரி, உலுரு தூரம், விமான டிக்கெட்டும் விலை. மெல்பனில் இருப்பவர்களை நான் பட்ஜ் பிம்முக்கு அனுப்புவேன். கடலோரச் சாலையில் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளோடு வண்டியைத் திருப்பிவிடாமல், இன்னும் இரண்டு மணி நேரம் மேற்கே போனால் குந்திஜ்மரா மக்களின் நிலம். எரிமலைக் குழம்பு ஆறிக் கிடக்கும் கருங்கற்களை அடுக்கியும் பாறையில் வாய்க்கால் வெட்டியும் விலாங்கு மீன் வளர்த்தவர்கள் அவர்கள். இந்த வேலை குறைந்தது 6,600 வருடப் பழமை என்கிறார்கள். 2019-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, பூர்வகுடிப் பண்பாட்டுக்காக மட்டுமே அதில் இடம்பிடித்த முதல் ஆஸ்திரேலிய இடம் இதுதான்.

போன வருடம் திருவாரூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை அங்கே நானே கூட்டிப்போனேன். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கல் வாய்க்காலைப் பார்த்ததும் பேரனின் கையை விட்டுவிட்டுக் குனிந்துவிட்டார். மழை பெய்து ஏரி ஏறும்போது தண்ணீரோடு விலாங்கும் வாய்க்காலில் இறங்கும், கல் அணையில் விட்ட இடைவெளியில் கூடையைச் செருகி வைப்பார்கள் என்று வழிகாட்டி விளக்கினார். கூடையைக் கையில் எடுத்துக் காட்டியதும், "அட, இது பறி" என்றார் பெரியவர். நீளமாக, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய புல் பின்னல். சின்ன மீன் என்ன ஆகும் என்று கேட்டார். வழிகாட்டி பின்னலின் இடுக்கில் சுண்டு விரலை நுழைத்து ஆட்டிக் காட்டினார். இதற்குள் அடங்குவது போய்விடும், வளர்ந்ததுதான் தங்கும். தப்பிக்கும் பெரிய விலாங்குகள் கடலில் இறங்கி வடக்கே பவளக் கடல் வரை போய் முட்டையிடுமாம்.

பின்னலை எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள் என்பது பெரியவரின் அடுத்த கேள்வி. "அதை எங்கள் ஆன்ட்டிகளிடம்தான் கேட்க வேண்டும், நான் சொல்வது சரியாக இருக்காது" என்றார் வழிகாட்டி. பெரியவர் தலையாட்டிவிட்டுக் கூடையைத் திருப்பிக் கொடுத்தார்.

ஊருக்குப் போனதும் தன் ஊர்ப் பறியைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார், நான் வழிகாட்டிக்கு அனுப்பினேன். வாய்ப் பக்கத்தில் உள்நோக்கி நிற்கும் குச்சிகளை எதை வைத்துக் கட்டுகிறார்கள் என்று அங்கிருந்து கேள்வி வந்திருக்கிறது. பறி பின்னுகிறவரிடம்தான் கேட்க வேண்டும், அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறேன் என்று பெரியவர் பதில் அனுப்பியிருக்கிறார்.