சுகர் ஃப்ரீ கேக் பாக்கெட்டுக்குள் இருப்பது நம்ம குச்சிக்கிழங்கு மாவுதான்

சேலத்தில் டயட்டீஷியனாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். இந்த மாதத்தில் நான்காவது ஆளாக ஒருவர் அதே கதையோடு வந்து உட்கார்ந்தபோது, இதை எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆத்தூர் பக்கத்து அம்மா அவர். அறுபதை நெருங்கும் வயது. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை தவறியதில்லை, வாயையும் கட்டுகிறவர்தான். மூன்று மாதத்துக்கு முன்பு 7.2 இருந்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இப்போது 8.9. சாப்பாட்டில் என்ன மாறியது என்று கேட்டால் ஒன்றும் மாறவில்லை என்கிறார். காலை, மதியம், ராத்திரி என்று ஒவ்வொரு வேளையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் கூட வந்திருந்த மருமகள்தான் சொன்னார்: "அந்தக் கேக் மட்டும்தாங்க மேடம் புதுசு. ஆனா அது சுகர் இருக்கறவங்களுக்குன்னே வர்றதுங்க. சுகர் ஃப்ரீ, குளூட்டன் ஃப்ரீ. கடைக் கேக்கெல்லாம் இல்லீங்க, பாக்கெட் மாவு வாங்கி நானே வீட்ல ஓவன்ல செஞ்சு தர்றேன்."

அடுத்த முறை அந்தப் பாக்கெட்டையே எடுத்துவரச் சொன்னேன். எடுத்து வந்தார்கள். முன்பக்கம் முழுக்க ராகிக் கதிர், பச்சை இலை, பெரிய எழுத்து. திருப்பிப் படிக்கச் சொன்னேன். மருமகள் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, பொடி எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் படித்தார். முதல் சொல் "டபியோக்கா ஸ்டார்ச்". அதுவரை பேசாமல் இருந்த அந்த அம்மா நிமிர்ந்தார். அவருடைய வீட்டுக்காரர் முப்பது வருடம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை வைத்திருந்தவர்.

"அது நம்ம கிழங்கு மாவுதானுங்களே?" என்றார்.

அதேதான். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் படிய வைத்து, களத்தில் காயப்போடுகிறோமே, அந்த மாவுதான். 2023இல் இந்த மாவில் செய்கிற சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். சர்க்கரை வந்த நாளிலிருந்து இந்த அம்மா ஜவ்வரிசிப் பாயசத்தைத் தொட்டதில்லை. கல்யாண வீட்டில்கூட டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவாராம். அதே மாவைக் கேக்காக, ராத்திரிக்கு மூன்று துண்டு வீதம், இரண்டரை மாதம் சாப்பிட்டிருக்கிறார். ஆங்கிலப் பெயரில் வந்ததால் அடையாளம் தெரியவில்லை.

இதில் எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், இந்த "குளூட்டன் ஃப்ரீ" என்ற சொல்லில்தான். தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். குளூட்டன் என்பது கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் ஒரு புரதம். புரதம், சர்க்கரை இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அது குடலைக் கெடுக்கும். அவர்கள் ஆயுள் முழுக்கத் தவிர்க்க வேண்டும், கோதுமை ஒத்துக்கொள்ளாத வேறு சிலருக்கும் டாக்டர் தவிர்க்கச் சொல்வார். அவ்வளவுதான். உங்கள் ரத்தச் சர்க்கரைக்கும் குளூட்டனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அரிசியில் குளூட்டன் கிடையாது. ஜவ்வரிசியில் கிடையாது. வெள்ளைச் சர்க்கரையில்கூடக் கிடையாது. அதற்காகச் சர்க்கரை நோயாளி வெள்ளைச் சர்க்கரையை அள்ளித் தின்னலாமா? கேக்கிலிருந்து கோதுமையை எடுத்துவிட்டால் அந்த இடத்தை எதையாவது வைத்து நிரப்பித்தானே ஆக வேண்டும். பெரும்பாலும் அரிசி மாவு, கிழங்கு மாவு, சோள ஸ்டார்ச், உருளைக்கிழங்கு ஸ்டார்ச். எல்லாமே மாவுச்சத்து. ஆக, சர்க்கரை நோயாளிக்குக் குளூட்டன் ஃப்ரீ பாக்கெட் சில சமயம் சாதாரணக் கோதுமை மாவைவிட மோசம்.

அடுத்தது "சுகர் ஃப்ரீ". அந்தப் பாக்கெட்டில் நூறு கிராமுக்கு மொத்தச் சர்க்கரை அரை கிராம் என்று போட்டிருந்தது. பொய் இல்லை. அதற்கு மேல்வரியில் மொத்தக் கார்போஹைட்ரேட் 78 கிராம் என்றும் இருந்தது. அதை யாரும் படிப்பதில்லை. நாம் போடுகிற சர்க்கரையில் பாதிதான் குளுக்கோஸ், மீதி ஃப்ரக்டோஸ். ஆனால் கிழங்கு மாவு செரித்தால் முழுக்க முழுக்கக் குளுக்கோஸ். அதனால் அது ரத்தத்தில் சர்க்கரையைவிட வேகமாக ஏறினாலும் ஆச்சரியமில்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான், அதுவும் மாவுச்சத்தை உடைத்து எடுத்ததே. மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி கொஞ்சம் தேவலாம், ஆனால் அதுவும் சர்க்கரையை ஏற்றும், அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். 250 கிராம் பாக்கெட் என்றால் 195 கிராம் கார்போஹைட்ரேட். எட்டுத் துண்டாக வெட்டினால் துண்டுக்கு 24 கிராம். மூன்று துண்டுக்கு 73. கிட்டத்தட்ட ஆறு இட்லிக்குச் சமம், அதுவும் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டு முடித்த பிறகு. மருமகள் அழுதுவிட்டார். அவர் மேல் தப்பில்லை. மாமியாருக்கென்று பார்த்துப் பார்த்து, விலை அதிகமானதையே தேடி வாங்கியிருக்கிறார்.

சரி, பாக்கெட் மாவே வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போய்வந்து பிள்ளையின் பிறந்தநாளுக்கு அவசரமாக ஒரு கேக் செய்ய வேண்டுமென்றால் மிக்ஸ் வசதிதான். சேர்மானப் பட்டியலில் ஐஎன்எஸ் 500(ii) என்ற எண்ணைப் பார்த்ததும் கெமிக்கல் என்று பயப்படுகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். அது உங்கள் வீட்டு ஆப்பச் சோடாதான். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியதை விட்டுவிடுகிறீர்கள் என்பதுதான் என் குறை. சாதாரணக் கேக் மிக்ஸில் நூறு கிராமுக்கு நாற்பது கிராம் அளவில் சர்க்கரை இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது.

முதலிலிருந்து நாமே செய்தால் என்ன லாபம் என்றால், ஒரே ஒரு லாபம்: கை அளக்கிறது, கண் பார்க்கிறது. கிண்ணத்தில் சர்க்கரை குவியும்போதே "இவ்வளவா" என்று மனசு உறுத்தும். அதில் கால் பங்கைத் திருப்பி டப்பாவிலேயே கொட்டிவிடலாம், கேக் கெட்டுப்போகாது. அதற்கும் கீழே குறைத்தால் காய்ந்து போகும், ஏனென்றால் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் சர்க்கரைதான். மாவில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பாதாம் பொடியோ வேர்க்கடலைப் பொடியோ சேர்க்கலாம். முட்டை சாப்பிடுகிறவர்கள் ஒரு முட்டை கூடப் போடலாம். பாக்கெட்டில் கலந்து வந்த சர்க்கரையை உங்களால் பொறுக்கி எடுக்க முடியாது.

அதற்காக வீட்டில் செய்தது எல்லாமே மருந்து என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கும் சம எடை போட்டுச் செய்கிற பழைய முறைக் கேக்கில் மாவுக்குச் சமமாகச் சர்க்கரை இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு: ஓமலூர் வெல்லமானாலும் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். குளுக்கோமீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. ராகியும் நைஸாக அரைத்த மாவாகப் போனால் சீக்கிரம் செரித்துவிடும்.

இன்னொருவர் ஏற்காட்டிலிருந்து வந்தார். எஸ்டேட் ஒன்றில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை. டிசம்பர் வந்தால் அவரே கேக் செய்வார், அக்கம்பக்கமெல்லாம் கொடுப்பார். முதுகுவலியால் இப்போது மிக்ஸுக்கு மாறியிருக்கிறார். "பாக்கெட்ல போட்டிருக்கிறபடி செஞ்சா நடுவுல குழி விழுந்துடுதும்மா. அதனால ஒரு ஸ்பூன் சோடா சேர்த்துக்கிறேன்" என்றார்.

நேர் எதிரான வேலை அது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மேலே காற்றழுத்தம் குறைவு, அதனால் மாவுக்குள் உண்டாகும் வாயு சேலத்தில் விரிவதைவிட அதிகமாக விரியும். கேக் வேகமாக எழும்பும், உள்ளே வெந்து இறுகுவதற்கு முன்பே உட்கார்ந்துவிடும். மலையில் பேக்கிங் பவுடரைக் குறைக்கத்தான் வேண்டும், கால் பங்கு குறைத்துப் பாருங்கள். மலையில் தண்ணீரும் சீக்கிரம் ஆவியாவதால் ஒன்றிரண்டு ஸ்பூன் பாலோ தண்ணீரோ கூடச் சேர்க்கலாம். ஓவன் சூட்டையும் லேசாக ஏற்றலாம். மிக்ஸில் பேக்கிங் பவுடர் முன்பே கலந்திருக்கிறது, குறைக்க வழியில்லை. மலைக்காரர்களுக்கு நான் முதலிலிருந்து செய்யச் சொல்வது இதனால்தான்.

அந்தச் சோடாவைப் பற்றி இன்னும் ஒன்று. ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவில் சுமார் 1,200 மில்லிகிராம் சோடியம். ஒரு நாள் முழுக்கவே 2,000க்குள் இருக்க வேண்டும். உப்பே போடாத மோர் குடிக்கிற மனிதர், கேக்கில் இதைப் போட்டுப் பாதிக் கேக்கைத் தானே சாப்பிட்டிருக்கிறார். இனிப்பாக இருப்பதில் சோடியம் இருக்காது என்று எண்ணுகிறோம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாக்கெட்டின் பின்னால் சோடியம் வரியையும் பாருங்கள்.

அப்புறம், வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிற தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பால் ஒவ்வாமை உள்ள ஒரு நான்கு வயதுப் பையன் பிறந்தநாள் கேக் சாப்பிட்டு, உடம்பெல்லாம் தடித்து, ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். "எக்லெஸ்தாங்க, எல்லாமே ஹோம்மேட்" என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். செய்தது எக்லெஸ் மிக்ஸில், அதில் பால் பவுடர் இருந்தது. முட்டை இல்லை என்றால் பால் இல்லை என்று அர்த்தம் இல்லை. முட்டைக்குப் பதிலாகப் பால் பவுடரோ சோயாவோ சேர்ப்பது சாதாரணம். மிக்ஸில் செய்வது தப்பே இல்லை, ஆனால் மிக்ஸில் செய்தேன் என்று சொல்லுங்கள். கேட்டால் பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். பால், முட்டை, கோதுமை, சோயா, வேர்க்கடலை, பாதாம், முந்திரி போன்ற கொட்டைகள் இருந்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பாக்கெட்டில் தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். அந்த ஒரு வரி போதும். விற்பனை செய்கிறவர்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுத்திருக்கவும் வேண்டும், எடுத்துவிடுங்கள்.

பிள்ளைகள் பச்சை மாவை விரலால் வழித்து நக்குவதை நிறுத்துங்கள். முட்டை போடாத மிக்ஸ்தானே என்று விடாதீர்கள், மாவே வேகாத பொருள். அமெரிக்காவில் 2016இல் மைதா மாவாலும் 2021இல் கேக் மிக்ஸாலும் ஈகோலை கிருமி பரவிப் பலர் படுத்திருக்கிறார்கள்.

கடையில் நிற்கும்போது பாக்கெட்டைத் திருப்புங்கள். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம், அதனால் முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே போதும். ராகி என்று முன்பக்கம் போட்டால் எத்தனை சதவீதம் என்று பின்னால் இருக்கும், அதைத் தேடுங்கள். ஒரு பரிமாறலுக்கு என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு நூறு கிராம் கணக்கைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் மொத்தக் கார்போஹைட்ரேட் வரியில் விரலை வையுங்கள். சின்னதாக ஒரு துண்டு, நாற்பது கிராம், சாப்பிட ஆசையாக இருந்தால் சாப்பிடுங்கள், அந்த வேளையில் இரண்டு இட்லியைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் பிடிபடாது. அந்த ஆத்தூர் அம்மா அப்படித்தான் ஏமாந்தார்.

செக்கப்புக்கு வரும்போது ரிப்போர்ட்டோடு பாக்கெட்டையும் எடுத்து வாருங்கள். மாவை டப்பாவில் கொட்டியதும் அட்டையைக் குப்பையில் போட்டுவிடுகிறீர்கள். போடாதீர்கள், பின்பக்கத்தை மட்டுமாவது வெட்டி அந்த டப்பா மேலேயே ஒட்டி வையுங்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது, கண் தெரியவில்லை என்றால் இங்கே கொண்டு வாருங்கள், நானே படித்துச் சொல்கிறேன்.