செயினில் விகிதம் இருக்கிறது, பிள்ளைக்குத் தெரியுமா?

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் என்னிடம் கொண்டுவரும் பதிவு நோட்டுகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'சமையலில் உதவினான் – கணிதம், அறிவியல்.' அந்த வரியைப் பார்த்ததும் நான் கேட்பது ஒன்றுதான். சரி, இதில் அவன் என்ன கணக்குப் போட்டான்? பெரும்பாலும் பதில் வராது. அம்மா அளந்து கொடுத்திருப்பார், பையன் கொட்டியிருப்பான். அளந்தது யாரோ அவருக்குத்தான் கணக்கு.

அன்றாட வாழ்க்கையில் பாடம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது தானாகவே பாடப்புத்தகத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்புவதில்தான் சிக்கல். பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்த 5 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 1985-இல் வெளியானது. வாங்க வந்தவர்போல நின்று கேட்டபோது அவர்கள் சொன்ன விடைகளில் சுமார் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானவை சுமார் 37 சதவீதம்தான். தேங்காய் விற்ற 12 வயதுச் சிறுவனிடம், ஒன்று 35 என்றால் 10 எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்று 105, இன்னொரு மூன்று சேர்த்தால் 210, இன்னும் நான்கு வேண்டும் என்று யோசித்து, 315-ஐத் தொட்டு, 350-க்கு வந்து சேர்ந்தான். பத்தால் பெருக்க ஒரு சுழியம் சேர்த்தால் போதும் என்ற வகுப்பறை வழி அவனுக்கு அங்கே தோன்றவில்லை. தெருக்கணக்கு ஒரு கரையில், தாள்கணக்கு மறு கரையில். நடுவில் பாலம் போட ஆள் இல்லை. வீட்டுக்கல்வியில் அந்த ஆள் நாம்தான்.

பாலம் எப்படிப் போடுவது? நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 10 வயதுப் பையன் ஒருவனின் சைக்கிளில் செயின் கழன்றுவிட்டது. அவன் அப்பா அதை மாட்டிக்கொண்டே 'இதுதான் விகிதம்' என்று ஆரம்பித்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டிவிட்டு, பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்று பையனிடம் கேட்டேன். யோசிக்காமல் 'ஒன்று' என்றான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பெடலை மெதுவாகச் சுற்றிப் பார்த்தான். மூன்று சுற்று. நம்பாமல் மறுபடி சுற்றினான். அப்புறம் விரலெல்லாம் கிரீஸ் ஆகப் பல்சக்கரங்களின் பற்களை எண்ணினான். முன்னால் 48, பின்னால் 16. கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இங்க 48 பல்லு போனா அங்கயும் 48 பல்லு போயாகணும். அங்க 16 தானே இருக்கு!"

விகிதம் என்ற சொல் அதுவரை வாயிலேயே வரவில்லை. அன்றைக்கு அதை விட்டுவிட்டோம். இரண்டு நாள் கழித்து அவன் சொன்ன வாக்கியத்தை அவனிடமே வாசித்துக் காட்டி, இதைச் சுருக்கமாக எழுத ஒரு வழி உண்டு என்று 48 : 16 = 3 : 1 என எழுதினோம். சைக்கிள் பக்கத்தில் இல்லை. பின்னால் 24 பல் இருந்தால்? கண்ணை மூடி, கையைக் காற்றில் பெடல்போலச் சுற்றி, 'இரண்டு' என்றான். கைவேலை தாளுக்கு வந்தது அந்த நொடியில்தான்.

இதற்காகத்தான் பதிவு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்கிறேன்: நடந்தது, பிள்ளை சொன்னது, பாடம். முதலும் கடைசியும் யார் வேண்டுமானாலும் நிரப்பிவிடலாம். நடுக்கட்டத்தில் பிள்ளையின் சொல் அப்படியே இருக்க வேண்டும், தப்பாக இருந்தாலும். அதே பையன் டயருக்குக் காற்றடித்தபோது, பம்பு தேய்வதால் சூடாகிறது என்றான். அப்படியே எழுதிக்கொண்டோம். பிறகொரு நாள், உராய்வு மட்டும்தான் காரணம் என்றால் குழாய் முழுக்க ஏறத்தாழ ஒரே மாதிரிச் சூடாக வேண்டுமே, ஏன் அடிப்பக்கம் மட்டும் இப்படிச் சுடுகிறது என்ற கேள்வி வந்தது. காற்று அழுந்துவது அங்கேதான். அழுத்தினால் காற்று சூடாகும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லாமலே எரிபொருள் பற்றிக்கொள்வதும் இதனால்தான். தப்பான அந்த வரி நோட்டில் இல்லையென்றால் இந்தப் பாடமே நடந்திருக்காது.

ஓர் எச்சரிக்கை. ஒரு வீட்டில், ஒவ்வொரு வேலைக்கு நடுவிலும் அம்மா கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஒளிச்சேர்க்கை, கதவைத் திறந்தால் நெம்புகோல். ஒரு நாள் மகள் கேட்டாள்: "அம்மா, இது பாடமா, சும்மாவா?" பாடம் என்றால் அவள் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்தியிருந்தாள். நாளுக்கு ஒன்றைப் பிடித்தால் ஏராளம். அதையும் வேலை முடிந்த பிறகு, ஒரே ஒரு பாடத்தோடு மட்டும் இணைத்தால் போதும். ஒரே அனுபவத்தை ஆறு பாடத்துக்கு இழுத்தால் ஆறிலும் ஆழம் இருக்காது.

இரண்டு மாத நோட்டைப் புரட்டினால் மூன்றாவது கட்டம் ஓட்டைகளைக் காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலான வீடுகளில் அறிவியல் நிரம்பி வழியும், எழுத்துப் பயிற்சி காலியாகக் கிடக்கும். செயின் மாட்டும் முறையைச் சைக்கிளே பார்க்காத ஒருவருக்குப் புரியும்படி எழுதச் சொன்னால் அதுவும் ஓரளவு நிரம்பும்.

நிரப்ப முடியாத இடங்களும் உண்டு. குறை எண்ணைக் காட்ட வெப்பமானி இருக்கிறது, தரைக்குக் கீழே இறங்கும் லிஃப்ட் இருக்கிறது. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்பதற்கு வீட்டில் எந்தப் பொருளும் இல்லை. கடன், எதிரி என்று உவமை தேடி இன்னும் குழப்பாதீர்கள். தாளை எடுத்து, 2 × −2 = −4, 1 × −2 = −2, 0 × −2 = 0 என்று வரிசையாக எழுதி, அடுத்த வரி −1 × −2 என்ன என்று கேளுங்கள். விடை இரண்டு இரண்டாக ஏறுவதைப் பிள்ளையே பார்த்துவிடும். நோட்டில் 'நடந்தது' கட்டத்தில், 'உட்கார்ந்து கணக்குப் போட்டோம்' என்று எழுதிக்கொள்ளலாம்.