அந்தக் குற்றியைக் கொளுத்த வேண்டாம்

சிரமதானம் என்று அறிவித்தல் வந்தால் எங்கள் பக்கப் பாடசாலைகளில் முதல் நெருப்பு மூலையில் கிடக்கிற உக்கின மரக்குற்றிக்குத்தான். டெங்குப் பயம், பாம்புப் பயம், யாராவது பார்வையிட வந்துவிடுவார்களோ என்ற பயம், எல்லாம் சேர்ந்து அதைக் கொளுத்தின பிறகுதான் அடங்கும். நுளம்பு பெருகுவது தேங்கின தண்ணீரில், அதாவது சிரட்டையிலும் டயரிலும் யோகட் கோப்பையிலும். குற்றியில் பொந்து இருந்தால் மண் போட்டு அடைத்துவிடலாம். நான் வன்னியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், அந்தக் குற்றியை விட்டுவையுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வளவில் காற்றுக்கு விழுந்த பாலையின் அடிக்குற்றி ஒன்று கிடக்கிறது. பாலை வைரம் பாய்ந்த மரம், லேசில் உக்காது, தரம் 6இல் பார்க்கத் தொடங்குகிற பிள்ளை தரம் 9 வரைக்கும் அதையே பார்க்கலாம். புதன்கிழமை தோறும் பத்து நிமிஷம், ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி). திகதி, நேரம், முதல்நாள் மழையா வெயிலா, குற்றி தொட ஈரமா, என்ன கண்டது, எத்தனை. கண்டது வலப்பக்கம், நினைத்தது இடப்பக்கம், இரண்டும் கலக்கக்கூடாது. ஒன்றும் காணாவிட்டால் ‘ஒன்றும் காணவில்லை’ என்றே எழுதவேண்டும், வெறுமையாக விட்டால் பார்த்தும் காணவில்லையா, பார்க்கவே இல்லையா என்று அடுத்த வருஷம் யாருக்குத் தெரியும்?

ஆடி, ஆவணியில் குற்றியின் மேல்பக்கம் கை வைக்கச் சுடும். அடியில் மண் குளிர்ந்துதான் இருக்கும், அறணை, தேள், மரவட்டை எல்லாம் அங்கேதான். ஐப்பசியில் இரண்டு மழை விழ, காளான் முளைக்கும். காளானும் கறையானும் இல்லாவிட்டால் காட்டில் விழுகிற மரமெல்லாம் அப்படியே கிடக்கும், மண்ணுக்குத் திரும்பி ஒன்றும் போகாது. கறையான் மரத்தைச் செமிப்பதே நுண்ணுயிர்களின் உதவியோடுதான் என்று சொன்னால் பிள்ளைகள் வாய் திறந்து கேட்பார்கள். வளையம் எண்ணி வயது பார்க்கலாமா என்றும் கேட்பார்கள். தேக்கில் வளையம் தெளிவாகத் தெரியும், பனங்குற்றியில் கிடையாது, பனை ஒருவித்திலைத் தாவரம். இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். குற்றி தேடிப் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், எங்கள் மண்ணில் கண்ணிவெடி இன்னும் முழுதாக அகற்றி முடியவில்லை. வளவுக்குள் என்றாலும் செருப்பில்லாமல் யாரும் கிட்டப் போகக்கூடாது. குற்றியைப் புரட்டுவது ஆசிரியர்தான், கையால் அல்ல, நீளத் தடியால், அதுவும் திறக்கிற பக்கம் உங்களுக்கு மறுபக்கமாக இருக்க, குற்றி உங்களுக்கு மறைப்பாக நிற்கும்படி. பார்த்து முடிந்ததும் இருந்த மாதிரியே வைத்துவிடுங்கள், அது ஒரு வீடு.

2009இல் எங்கள் வன்னியின் மாங்குளத்தில் ஊரவர்கள் கொண்டுவந்து காட்டிய செத்த சிலந்தி ஒன்றிலிருந்துதான் புதிய புலிமுகச் சிலந்தி இனமொன்று உலகத்துக்குத் தெரிய வந்தது, 2012இல் அதற்குப் பெயரும் வைத்தார்கள். கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரும். பழைய மரப்பொந்துகளில் வாழ்கிறது, காடு சுருங்கச் சுருங்கப் பழைய கட்டடங்களுக்குள் வருகிறது. அடித்துத் தூக்கி எறியாமல் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள், யாரோ இடமும் நாளும் குறித்தார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு ‘லொக்’ என்றாலே பயம், குழப்படி செய்தால் அவர்களின் பெயரை அதிபர் எழுதுகிற சம்பவத் திரட்டுப் புத்தகம் அது. அந்தச் சொல் வந்த கதையை ஒருநாள் சொன்னேன். கப்பலின் வேகம் பார்க்க, முடிச்சுப் போட்ட கயிற்றில் மரக்கட்டையைக் கட்டிக் கடலில் போடுவார்கள், குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணி ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் கட்டைக்குப் பெயர் லொக், அதனால் புத்தகமும் லொக்.

எங்கள் பாடசாலையின் புத்தகம் 2010இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தினது, வரவு இடாப்பு, சேர்வுப் பதிவேடு எல்லாம் இடப்பெயர்வோடு போய்விட்டன. இங்கே படித்த ஒருவர் நாற்பது வயதில் வந்து, நான் படித்ததற்கு அத்தாட்சி தாருங்கள் என்று நிற்கிறார், அவருக்குக் காட்ட எங்களிடம் ஒரு பக்கம் இல்லை. வகுப்புக்கு வகுப்பு எழுதி வைத்த எவ்வளவோ பேருடைய பெயர். அதனால் பிள்ளைகளின் குற்றிக் கொப்பியைக்கூட மாதம் ஒருமுறை கைபேசியில் படம் எடுத்து இரண்டு இடத்தில் வைக்கிறேன்.

போன வருஷம் தரம் 6 பிள்ளை ஒருத்தி பட்டைக்கு அடியில் பல்லி முட்டை கண்டாள். ‘இரண்டு. வெள்ளை. என் சின்னவிரல் நகமளவு.’ அடுத்த புதன், ‘இரண்டும் இருக்கு.’ அதற்கடுத்த புதனும் அதே வரி, ஆறு கிழமை. ஏழாவது புதனில், ‘கோது மட்டும். ஒன்றில் சின்ன ஓட்டை, மற்றது உடைந்திருக்கு. மழை இல்லை.’ இடப்பக்கத்தில், ‘இரவுதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், நான் காணவில்லை.’