புது எஞ்சினை 40லேயே உருட்டாதீர்கள்

மறுபடியும் அதே கேஸ். ராயபுரத்திலிருந்து ஒரு டர்போ பெட்ரோல் கார், ஓட்டம் 6,000 கி.மீ.கூட இல்லை. ஆயில் குடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை. பிளக்கைக் கழற்றி உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால், சிலிண்டர் சுவரில் ஹோனிங் கோடுகள் (ஆயில் தங்குவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாகப் போடும் மெல்லிய கீறல்கள்) தெரிய வேண்டிய இடம் வழவழவென்று மின்னுகிறது. “40ஐத் தாண்டவே இல்லைண்ணா, அவ்வளவு பார்த்து ஓட்டினேன்” என்கிறார் வண்டிக்காரர். அப்படி ஓட்டியதால்தான் இந்த நிலை.

மெதுவாக ஓட்டினால்தான் எஞ்சின் செட் ஆகும் என்று சொல்ல இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு பெரியவர் இருக்கிறார். ஆனால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங், தன் சொந்த விறைப்பால் மட்டும் சுவரில் அழுந்துவதில்லை. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து வெளியே தள்ள வேண்டும். ஆக்சிலேட்டரைப் பூப்போல மிதித்தால் அந்த அழுத்தம் வராது. ரிங் உரசிப் பொருந்தாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். சுவரில் தங்கும் ஆயில் வெந்து படிந்து கோடுகளை அடைத்துவிடும். அப்புறம் எஞ்சினை இறக்கி, ஹோனிங் போட்டு, ரிங் மாற்ற வேண்டியதுதான். செலவை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக முதல் நாளே ரெட்லைன் (மீட்டரில் சிவப்புக் கோடு) வரை முறுக்காதீர்கள். பி.எம்.டபிள்யூ எம் கார்களுக்கு முதல் 2,000 கி.மீ. வரை 5,500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) தான் எல்லை; அது முடிந்ததும் தனி சர்வீஸ் வைத்து எஞ்சின் ஆயிலையும் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் ஆயிலையும் மாற்றுகிறார்கள். உங்கள் வண்டியின் எல்லை கையேட்டில் இருக்கிறது. தயவுசெய்து அந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள்.

எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து கிலோமீட்டர் ஏற்றுவது ரன்னிங்-இன் (புது எஞ்சினைப் பழக்குவது) ஆகாது. ஞாயிறு விடியற்காலையில் மாதவரம், செங்குன்றம் தாண்டி கும்மிடிப்பூண்டி பக்கம் போங்கள். முதலில் ஆயில் சூடாகட்டும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயிலுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். பிறகு மூன்றாவது, நான்காவது கியரில் பாதிக்கு மேல் மிதித்து, கையேட்டு எல்லைக்குள் ஏற்றுங்கள். அங்கிருந்து ஆக்சிலேட்டரை விட்டு, வேகம் கியரிலேயே இறங்க விடுங்கள். மறுபடி ஏற்றுங்கள். குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டி உடனே மேல் கியருக்குத் தாவிவிடும். டாப் கியரில் குறைந்த ஆர்.பி.எம்.மில் அழுத்தி மிதிப்பது டர்போ எஞ்சினுக்கு ஆகவே ஆகாது. காலையில் வீட்டு வாசலில் கால் மணி நேரம் ஐடிலில் விட்டு வைக்கும் பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஆரம்பத்தில் ஆயில் கொஞ்சம் குறைவது சகஜம், பயப்படாதீர்கள். ஆனால் பெட்ரோல் போடும்போதெல்லாம் அளவைப் பாருங்கள். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இல்லாத காரில் ஸ்கிரீனிலேயே தெரியும். புகையை நிறுத்தும் என்று கடையில் விற்கும் எதையும் உள்ளே ஊற்றாதீர்கள். நீலப் புகை விடாமல் வந்தால், வாரன்டி இருக்கும்போதே சர்வீஸ் சென்டருக்குப் போய், ஆயில் எவ்வளவு குறைந்தது என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை எடுபடாது.